மதுரை வெயிலில் கார்புரேட்டருக்குள் பனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி விமானங்களின் எஞ்சின்களைப் பராமரிக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரான மதுரைக்கே திரும்பி வந்துவிட்டேன். பைலட் உரிமத் தேர்வுக்கும் பராமரிப்புப் பொறியாளர் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார்கள். பக்கத்துத் தெருவில் பைக் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் அவர்களோடு வந்து உட்காருவார். எல்லோரையும்விட நல்ல கேள்விகள் அவரிடமிருந்துதான் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களைப் பற்றியது; அவற்றில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் பனி பிடித்து, வழி அடைத்து, எஞ்சின் திணறுவதைப் பற்றியது.

மதுரையில் பனிக்கட்டியா? சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகுகிற ஊர் சார் இது.

கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரிய அடுப்பில் சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். சமையல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நிற்பார். அந்த அடுப்புக்குப் போகும் கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். அதன் கீழ்ப்பகுதி முதலில் வேர்க்கும்; அப்புறம் வெள்ளையாகப் பூக்கும். நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். பனியேதான். எந்த மட்டம் வரை பூத்திருக்கிறதோ, அந்த மட்டம் வரைதான் உள்ளே திரவம் மிச்சம் இருக்கிறது. அடுப்பு கேட்கிற வேகத்துக்கு அந்தத் திரவம் வாயுவாக மாற வேண்டும். மாறுவதற்கு வெப்பம் தேவை. அதைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சமையல்கட்டின் 40 டிகிரி சூட்டால் அந்தப் பனியைத் தடுக்க முடியவில்லை.

கார்புரேட்டருக்குள் நடப்பதும் இதுவே. எஞ்சின் இழுக்கும் காற்று வென்சுரி என்னும் குறுகிய தொண்டை வழியாகப் போகிறது. அங்கே பெட்ரோல் பொடித் துளிகளாகச் சிதறி, காற்றோடு கலந்து ஆவியாகிறது. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலோடு சுமார் 15 கிலோ காற்று போகிறது. தேவையான வெப்பம் முழுவதையும் அந்தக் காற்றிலிருந்தே எடுத்தால், காற்று 23 டிகிரி குளிர்ந்துவிடும். கலவையில் பெட்ரோலை இன்னும் கொஞ்சம் கூட்டி 12-க்கு 1 என்று வைத்தால் 29 டிகிரி. தொண்டையில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் விழுவதால் மேலும் சில டிகிரி இறங்கும். வெளியே 23 டிகிரி இருக்கும் ஒரு காலையில், கார்புரேட்டரின் உட்சுவர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பைலட் கையேடு, வெளியே 38 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போதுகூடக் கார்புரேட்டர் பனி உருவாகலாம் என்கிறது. ஆபத்து மிக அதிகம் என்று அது குறிப்பிடுவது 21 டிகிரிக்குக் கீழான வெப்பத்தையும் 80 சதவீதத்துக்கு மேலான ஈரப்பதத்தையும். "நம்ம ஊருக்குப் பனி ஏது" என்ற நினைப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குளிர் நாட்டுக்காரன் பனியை எதிர்பார்த்தே பறக்கிறான். நாம் அப்படி எதிர்பார்ப்பதில்லை.

குளிர் சரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையில் பறந்தால்தானே வரும்?

மழையே தேவையில்லை, மேகமும் தேவையில்லை. காற்றிலேயே நீராவி இருக்கிறது. செஸ்னா 152 விமானத்தின் லைகாமிங் எஞ்சினின் கொள்ளளவு 3.8 லிட்டர். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது, தோராயக் கணக்கில் நிமிடத்துக்கு மூன்றரை கன மீட்டர் காற்றை அது உள்ளிழுக்கும். 24 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 19 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 65 கிராமைத் தாண்டுகிறது. டீக்கடை கிளாஸில் பாதிக்கு மேல் தண்ணீர், ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தொண்டை வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டால் போதும், பத்து நிமிடத்தில் ஆறேழு கிராம் பனி சேர்ந்துவிடும். கார்புரேட்டரின் வாய் எவ்வளவு பெரிது என்கிறீர்கள்? இரண்டு கட்டைவிரலைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அடைந்துவிடும்.

உள்ளே சரியாக எந்த இடத்தில் பிடிக்கும்?

பெட்ரோல் தெறிக்கும் இடத்துக்கு அப்பால், த்ராட்டில் தகட்டின் மேலும் அதைச் சுற்றியுள்ள சுவரிலும். த்ராட்டில் தகடு என்பது ஒரு வட்டத் தகடு. நடுவில் ஒரு தண்டில் சுழலும். பைலட் கைப்பிடியைத் தள்ளினால் அது காற்றோட்டத்தோடு நேராக நிற்கும். இழுத்தால் குறுக்கே திரும்பி வழியை மறிக்கும். பாதி மூடிய தகட்டின் விளிம்பில் காற்று பிதுங்கிப் போகும்போது அந்த இடம் தனியாகவும் குளிரும். இவை தவிர, மேகத்துக்குள்ளோ உறைநிலைக்குக் கீழான மழையிலோ பறந்தால் காற்று நுழையும் வாயிலிலும் வடிகட்டியிலும் நேராகவே பனி வந்து மோதிப் படியும். நம் சமவெளியில் தாழ்வாகப் பறப்பவருக்கு அது பெரும்பாலும் வராது. எரிபொருள் ஆவியாவதால் வரும் பனிதான் நமக்கானது.

மதுரைப் பக்கம் எந்த மாதத்தில் ஆபத்து அதிகம்?

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லும் மாதங்கள்தான். வடகிழக்குப் பருவமழையில் காலை வெப்பம் 22, 23 டிகிரிக்கு இறங்கும். காற்று ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். சோழவந்தான் பக்கம் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். விடிகாலையில் நாகமலையின் அடிவாரம் கண்ணுக்குத் தெரியாது. மார்கழி, தை அதிகாலையும் அதே வகைதான். அந்தக் காற்றில் பனிநிலை, அதாவது எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் நீராக வெளிவருமோ அந்த வெப்பம், தரை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளிதான் முதலில் பார்க்க வேண்டிய எண். விமான நிலைய வானிலை அறிக்கையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

சரி, சித்திரை, வைகாசி? தரையில் நின்று பார்த்தால் ஆபத்து குறைவு என்றுதான் தோன்றும். 39 டிகிரி வெப்பத்திலும் 30 சதவீத ஈரப்பதத்திலும் கார்புரேட்டர் 25 டிகிரி குளிர்ந்தாலும் 14-இல்தான் நிற்கும். ஆனால் விமானம் தரையிலா பறக்கிறது? கோடைப் பிற்பகலின் சூடான காற்று மேலே போகப்போக ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 டிகிரி குளிரும். ஆறாயிரம் அடியில் 21 டிகிரிதான். காற்றிலுள்ள ஈரமோ ஏறக்குறைய அதே அளவு. ஆகவே ஈரப்பதச் சதவீதம் மேலே போகப்போக ஏறிக்கொண்டே வரும். பிற்பகலில் சிறுமலைக்கு மேலே பஞ்சுப் பொதி போல மேகம் திரளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்தில் ஈரப்பதம் நூறைத் தொட்டுவிட்டது என்று அந்த மேகம் சொல்கிறது. தரையில் வேர்க்க விறுவிறுக்க ஏறிய பைலட், இருபது நிமிடத்தில் கார்த்திகை மாதக் காற்றுக்குள் போய்விடுகிறார்.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா வாங்கி மேஜையில் வையுங்கள். கிளாஸுக்கு வெளியே எவ்வளவு சீக்கிரம் முத்து முத்தாக நீர் கட்டுகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வழிய ஆரம்பித்தால் அன்றைக்குக் காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் பனிநிலை என்ற சொல்லை இப்படித்தான் விளக்குவேன்.

பனி பிடிக்கிறது என்று பைலட்டுக்கு எப்படித் தெரியும்?

மெதுவாகத் தெரியும்; அதுதான் கஷ்டம். விசிறியின், அதாவது புரொப்பெல்லரின், கோணம் மாறாத விமானமாக இருந்தால் ஆர்.பி.எம். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கோணம் தானே மாறிக்கொள்ளும் விசிறி என்றால் சுற்று மாறாது. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் காட்டும் மானி இறங்கும். ஆகவே சுற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்துபோவார்.

நான் வேலை பார்த்த ஓடுதளம் ஒன்றில் ஒரு மழைக்கால விடிகாலை. இரவெல்லாம் தூறல், புல்லெல்லாம் ஈரம். சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்து, பைலட் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். சுற்றை 1,200-இல் வைத்திருந்தேன். பதிவேட்டில் நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தால் முள் 1,100-இல் நிற்கிறது. கையைக் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பார்த்தேன், அசையவில்லை. சத்தத்திலும் மாற்றம் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் 1,050. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்துவிடும் கார்ப் ஹீட் குமிழை முழுக்க இழுத்தேன். சுற்று இன்னும் ஐம்பது குறைந்தது. எஞ்சின் இருமியது; விமானமே குலுங்கியது. சொண்டு வைத்த கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒரு திக்குதிக்கென்ற சத்தம், பத்துப் பன்னிரண்டு விநாடி. அப்புறம் சத்தம் தெளிந்து, முள் படியேறுவதுபோல ஏறி 1,150 வரை வந்தது. குமிழை உள்ளே தள்ளினேன், மறுபடியும் 1,200. எல்லாம் நின்ற இடத்திலேயே, தரையில் நடந்தது. வெளியே அப்போது 22 டிகிரி.

கார்ப் ஹீட் என்றால் என்ன? ஹீட்டர் மாதிரியா?

கம்பிச்சுருள் எதுவும் கிடையாது. எஞ்சினின் புகைப்போக்கியைச் சுற்றித் தகரத்தில் ஒரு உறை போட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் போகும் காற்று புகைப்போக்கியின் சூட்டை வாங்கிக்கொள்ளும். குமிழை இழுத்தால் ஒரு கதவு திரும்பும். வெளிக்காற்று நின்று, இந்தச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போகும். முக்கால் பங்கு சக்தியில் ஓடும்போது காற்றின் வெப்பத்தை 50 டிகிரி உயர்த்த வேண்டும் என்பது சாதாரண வென்சுரி கார்புரேட்டர் உள்ள எஞ்சின்களுக்கு வைத்த பழைய சான்றிதழ் விதி. 50 டிகிரி என்பது பனியை உருக்கப் போதும், உருவாகாமல் தடுக்கவும் போதும்.

பராமரிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதவும் அதை இழுக்கும் கம்பியும் யாரும் கவனிக்காத உதிரிகள். கம்பி நழுவியிருந்தால் குமிழ் முழுக்க வெளியே வரும், கதவு பாதிதான் திரும்பும். அதனால்தான் ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்பும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது குமிழை இழுத்துச் சுற்று குறைகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். குறையவில்லை என்றால் சூடான காற்று வரவில்லை என்று அர்த்தம். "கொஞ்சம்தான் குறைஞ்சுது, பரவாயில்லை" என்று கிளம்பும் பைலட்டை நான் இறக்கி விட்டிருக்கிறேன்.

குமிழை இழுத்தால் எஞ்சின் இன்னும் மோசமாக ஓடுகிறது. உடனே திரும்பத் தள்ளிவிட வேண்டாமா?

தள்ளக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே அளவு பெட்ரோல், காற்று மட்டும் குறைவு. ஆகவே கலவை கொழுத்துச் சக்தி குறையும். பனி இல்லாவிட்டாலும் இவ்வளவு குறையத்தான் செய்யும். பனி இருந்தால், அது உருகித் தண்ணீராகச் சிலிண்டருக்குள் போகும். எஞ்சின் இருமும், உதறும். கையில் நடுக்கத்தோடு இருக்கும் புதிய பைலட்டுக்கு, "நான் இழுத்ததால்தான் எஞ்சின் கெட்டுப்போச்சு" என்று தோன்றும். குமிழைத் தள்ளிவிடுவார். பாதி உருகிய பனி அங்கேயே மறுபடி இறுகும். இந்த முறை எஞ்சினில் சூடும் குறைந்திருக்கும், உயரமும் குறைந்திருக்கும். அந்த உதறல், மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பல்லைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம், தேவைப்பட்டால் அதற்கு மேலும், குமிழை முழுக்க வெளியே வைத்திருக்க வேண்டும். சுற்று ஏறும்.

எஞ்சின் முற்றிலும் நின்றுபோனால் புகைப்போக்கி சீக்கிரம் ஆறிவிடும்; அப்புறம் குமிழை இழுத்தும் பயனில்லை. சந்தேகம் வந்த உடனேயே இழுக்கச் சொல்வது அதனால்தான்.

பாதி மட்டும் இழுக்கலாமா?

கார்புரேட்டருக்குள் இருக்கும் வெப்பத்தைக் காட்டும் மானி இருந்தால் மட்டும். அது இல்லாமல் பாதி இழுப்பது, உறைந்த பொடியாக எங்கும் ஒட்டாமல் போயிருக்க வேண்டிய ஈரத்தைச் சரியாக உறைநிலைக்குக் கொண்டுவந்து ஒட்ட வைப்பதில் முடியலாம். முழுக்க இழு, இல்லாவிட்டால் முழுக்கத் தள்ளு.

அப்படியானால் எப்போதும் இழுத்தே வைத்திருக்கலாமே?

சக்தி குறையும், ஓடுதளத்திலிருந்து ஏறும்போது அதைத் தாங்க முடியாது. முழுச் சக்தியில் சூடான காற்றைக் கொடுத்தால் சிலிண்டருக்குள் தட்டலும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதும், வரலாம். மூன்றாவது காரணம் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும்: சூடான காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை, வேறு வழியில் நேராக உள்ளே போகிறது. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் தரையில் குமிழை இழுத்துக்கொண்டு ஓட்டினால், அந்தச் செம்மண் பொடியெல்லாம் பிஸ்டன் வளையத்துக்குப் போகும். தரையில் சோதித்தவுடன் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

இறங்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

இறங்கும்போது கைப்பிடியை இழுத்து வைத்திருப்பார்கள். தகடு மூடியிருக்கும், இடுக்கு மிகச் சிறியது, மெல்லிய பனிப் படலமே அதை அடைத்துவிடும். குளிர்ச்சியும் அங்கே அதிகம். எஞ்சின் சோம்பலாக ஓடுவதால் புகைப்போக்கியில் சூடும் குறைவு. விசிறியைக் காற்றே சுற்றிக்கொண்டிருப்பதால் சுற்று இறங்குவதும் தெரியாது. கடைசியில் ஓடுதளத்துக்கு முன்னால் கொஞ்சம் உயரம் பிடிக்கக் கைப்பிடியைத் தள்ளினால் எஞ்சின் எழாது. ஆகவே பல கார்புரேட்டர் விமானங்களில் சக்தியைக் குறைப்பதற்கு முன்பே, புகைப்போக்கி சூடாக இருக்கும்போதே குமிழை இழுக்கப் பழக்குகிறார்கள். நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது கைப்பிடியைத் தள்ளி எஞ்சினைச் சூடாக்கிக்கொள்ளவும் சொல்லித்தருகிறார்கள். எந்த விமானமாக இருந்தாலும் அதன் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. எல்லா எஞ்சினும் ஒன்றுபோல இல்லை. லைகாமிங் எஞ்சின்கள் பலவற்றில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருப்பதால் கொஞ்சம் சூடு கிடைக்கும். செஸ்னா 150-இல் வந்த கான்டினென்டல் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை.

பைக் கார்புரேட்டரில் இதெல்லாம் வருவதில்லையே? (பட்டறை அண்ணன் கேட்டது)

வரவே வராது என்று சொல்ல முடியாது. குளிர் நாடுகளில் பைக்குகளிலும் வந்திருக்கிறது. நம் பைக்கில் கார்புரேட்டர் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது, அதன் சூடு கிடைக்கிறது. தப்பித் தவறி பனி பிடித்து நின்றால் ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடிப்பதற்குள் எஞ்சின் சூட்டிலேயே உருகிவிடும்; "ஏதோ அடைப்பு, தானா சரியாப்போச்சு" என்று கிளம்பிவிடுவீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு புதிய பைக்குகள், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்ஷனுக்கு மாறிவிட்டதால், கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆனால் பழைய கார்புரேட்டர் பைக்கில் வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் ஏறியவர்களுக்கு வேறொரு பாடம் தெரியும். பாதி மலையிலிருந்து வண்டி இழுக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் மட்டும் மதுரையில் விட்ட அதே பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கிறது. விமானத்தில் இதற்காகத்தான் சிவப்புத் தலை வைத்த மிக்ஸ்சர் குமிழ் இருக்கிறது: உயரம் ஏற ஏற பைலட்டே பெட்ரோலைக் குறைத்துக்கொள்வார்.

விமானத்தின் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் எப்படி வருகிறது?

செஸ்னா 152 போன்ற மேல்சிறகு விமானத்தில் பம்ப்பே இல்லை. தொட்டி சிறகுக்குள், தலைக்கு மேலே. பெட்ரோல் தன் எடையிலேயே கீழே இறங்கி, திறப்புக் குழாய், வடிகட்டிக் கிண்ணம் வழியாகக் கார்புரேட்டரின் மிதவை அறைக்குப் போகும்; அங்கே ஒரு மிதவையும் ஊசியும் பெட்ரோல் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். பட்டறையில் ஃப்ளோட் என்று சொல்கிறோமே, அதே மிதவை, அதே ஊசி. பைப்பர் செரோக்கி போன்ற கீழ்ச்சிறகு விமானத்தில் தொட்டி எஞ்சினுக்குக் கீழே இருப்பதால், எஞ்சின் ஓட்டும் ஒரு பம்ப்பும், அது பழுதானால் உதவ ஒரு மின்பம்ப்பும் வேண்டும்.

கோளாறு வரும் இடங்கள் எளிமையானவை. தொட்டிக்குள் காற்று போகும் துளை அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் சேர்ந்து ஓட்டம் நின்றுவிடும். பைக்கின் பெட்ரோல் மூடித் துளையில் அழுக்கு அடைத்து, மூடியைத் திறந்தவுடன் "புஸ்"ஸென்று காற்றுப் போய் வண்டி ஓடுமே, அதேதான். குளவிகளுக்கு இந்தக் குழாய் வாய்கள் மிகவும் பிடிக்கும். இரண்டு நாள் நின்ற விமானத்தில் ஈர மண்ணால் குழாயை மூடிக் கூடு கட்டியிருந்ததை நானே குச்சியால் குத்தி எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று தண்ணீர். பாதி காலியான தொட்டி ஈரமான இரவில் நின்றால், உட்சுவரில் பனித்துளி படிந்து பெட்ரோலுக்கு அடியில் போய்ச் சேரும். ஆகவே மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். எடை அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் ஒவ்வொரு வடிகாலிலிருந்தும் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, வெள்ளைச் சுவருக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோல் வெளிர் நீலம். அடியில் நிறமில்லாத ஒரு குமிழ் உருண்டால் அது தண்ணீர். குவளை முழுக்க ஒரே மாதிரித் தெளிவாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். நீலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

எஞ்சினும் விமானமும் அதற்குச் சான்று பெற்றிருந்தால் ஒழிய, கூடாது. பழைய பயிற்சி விமானங்களுக்கானது ஏவ்கேஸ் 100 எல்.எல். எனப்படும், ஈயம் சேர்த்த நீலப் பெட்ரோல். இந்தியாவில் இதை நெடுங்காலம் இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது. சிறிய இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் சாதாரண பெட்ரோலிலும் ஓடும். ஆனால் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீதம் வரை. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் தொட்டிப் பூச்சையும் அரிக்கும். அப்புறம், சாலைப் பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் கார்புரேட்டரை அதிகமாகவே குளிர்விக்கும். பனியும் சீக்கிரம் பிடிக்கும்.

மிதவை கார்புரேட்டர் தலைகீழாகப் பறந்தால் என்ன ஆகும்?

மிதவை அறையில் பெட்ரோல் மேலே போய்விடும். ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைக்காது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் எஞ்சின், மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் திணறியது. ஜெர்மன் விமானங்களில் நேரடி இஞ்செக்ஷன் இருந்ததால் அவை தப்பிப் பாய்ந்தன. 1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், பெட்ரோல் ஓட்டத்தை அளவாகக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய உலோகத் துண்டைப் பொருத்தி அந்தத் திணறலைப் பெருமளவு குறைத்தார். பைக் ஓட்டப் பந்தயக்காரர் அவர். பட்டறை அண்ணனுக்கு மிகவும் பிடித்த கதை இது.

இஞ்செக்ஷன் எஞ்சின் என்றால் கவலை இல்லையா?

கார்புரேட்டர் பனி இல்லை. பெட்ரோல் சூடான சிலிண்டரின் வாயிலுக்குப் பக்கத்தில்தான் தெளிக்கப்படுகிறது. 1990-களின் பிற்பாதியில் மீண்டும் தயாரிப்புக்கு வந்த செஸ்னா 172 இந்த வகை. ஆனால் வெளிக்காற்றின் வாயிலில் பனி படியலாம். அதற்கு மாற்றுக் காற்று வழி வைத்திருக்கிறார்கள். நம் வெயிலுக்கு இதில் வேறு தொல்லை உண்டு. வைகாசி மதியம் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால், மூடிக்குள் தேங்கிய சூட்டில் சிலிண்டர் மேல் போகும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டும். எஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கும்.

மதுரை விமான நிலையத்தில் இறங்கும் பெரிய விமானங்களுக்கு?

அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் தலைக்கு மேலே போகும் ஏ.டி.ஆர். விமானத்தில் விசிறி இருந்தாலும் உள்ளே இருப்பது டர்பைன் எஞ்சின், கார்புரேட்டர் கிடையாது. ஜெட்டும் அப்படியே. ஆனால் எரிபொருளுக்குள் இருக்கும் தண்ணீர் அவர்களையும் விடாது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, ஹீத்ரோ ஓடுதளத்துக்குச் சற்று முன்பே புல்தரையில் விழுந்தது. நீண்ட குளிர்ப் பயணத்தில் எரிபொருள் குழாய்களில் சேர்ந்த பனி கடைசி நேரத்தில் பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் முகத்திலேயே போய் அடைத்திருந்தது. இரண்டு எஞ்சின்களும் கேட்ட சக்தியைத் தரவில்லை. உள்ளே இருந்த 152 பேரும் உயிர் தப்பினார்கள். பின்னர் அந்தக் கருவியின் வடிவத்தை மாற்றினார்கள்.

விபத்துக்குப் பிறகு பனிதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நேராகக் கண்டுபிடிக்க முடியாது; சாட்சி உருகிவிடும். அமெரிக்கப் புலனாய்வு வாரியம் 2000 முதல் 2011 வரை சுமார் 250 விபத்துகளில் கார்புரேட்டர் பனி காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்தது என்று சொல்லியிருக்கிறது. அத்தனையும் சுற்றுச் சாட்சியம்தான்: எஞ்சினில் பழுது இல்லை, பெட்ரோல் இருக்கிறது, தண்ணீர் இல்லை, கார்ப் ஹீட் குமிழ் உள்ளே இருக்கிறது, வெப்பமும் பனிநிலையும் ஒட்டி இருக்கின்றன.

நான் இருந்த இடத்தில் ஒரு பயிற்சி மாணவர், எஞ்சின் சக்தி இழந்து, ஒருமுறை விமானத்தைக் கரட்டுக் காட்டில் இறக்கிவிட்டார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து விமானத்தை இழுத்து வந்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை. திரும்ப மாட்டினோம். முதல் சுழற்சியிலேயே எஞ்சின் எழுந்து, சிக்கலே இல்லாமல் ஓடியது. மாணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பொய் சொல்றேன்னு நினைப்பாங்களா சார்?" என்று கேட்டார். அன்றைய வானிலைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். அந்த நேரத்துக்கு வெப்பம் 24, பனிநிலை 22 என்று இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து எஞ்சின் பதிவேட்டோடு வைத்தேன். அவரிடமும் ஒரு நகல் கொடுத்தேன்.